சோம்பேறிக் கண்: ஏழு வயது தாண்டினால் பேட்ச் வீணா?

குன்னூர் வாசகி ஒருவரின் கேள்வி, 05-10-2024

என் மகனுக்கு எட்டரை வயது. பள்ளிக்கு வந்த பரிசோதனைக் குழுவினர் சொல்லித்தான் அவனுக்கு வலது கண்ணில் பார்வை 6/36 (மற்றவர்கள் 36 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்) என்பதே எங்களுக்குத் தெரிந்தது. இடது கண் 6/6. மாறுகண் கிடையாது, கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கோயம்புத்தூரில் காட்டினோம். கண்ணாடியும், நல்ல கண்ணை மறைத்துத் தினமும் நான்கு மணி நேரம் பேட்ச் என்னும் ஒட்டுத்திரை கட்டவும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், "ஏழு வயது தாண்டினால் சோம்பேறிக் கண் திரும்பாது, பிள்ளையைப் போட்டு வதைக்காதீர்கள்" என்கிறார். எதை நம்புவது?

05-10-2024, இரவு 9.40

கண்ணில் பழுதில்லாமலே, மூளை அதைப் பயன்படுத்தாததால் பார்வை குறைவதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். ஆனால் அது 2005-ஆம் ஆண்டுக்கு முந்தைய பேச்சு. அமெரிக்காவில் குழந்தைகளின் கண் நோய்களுக்காகப் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் குழு ஒன்று உண்டு; பெடிக் என்று சுருக்கிச் சொல்வார்கள். அக்குழு 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்து, மறு பகுதியினருக்குக் கண்ணாடியோடு பேட்சும், பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு நல்ல கண்ணின் பார்வையை மங்க வைக்கும் சொட்டு மருந்தும் கொடுத்துப் பார்த்தது. 7 முதல் 12 வயதுவரை உள்ளவர்களில், சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்குப் பரிசோதனைப் பலகையில் பார்வை இரண்டு வரியாவது முன்னேறியது. கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் அது 25 சதவீதம். பதின்மூன்று வயதுக்கு மேல் போனால் 25-க்கு 23, அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால் அந்த வயதிலும், அதற்கு முன் ஒருபோதும் சிகிச்சை பெறாதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 47-க்கு 20.

உங்கள் மகனுக்கு எட்டரை வயதுதான் ஆகிறது. இதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாதவன். கட்டுங்கள். ஆறு மணி நேரம் கட்டினால்தான் பலன், நான்கு மணி நேரம் போதாது என்பது என் எண்ணம்.

நான் மருத்துவன் அல்லன். கோத்தகிரியில் பள்ளி ஆசிரியர். எனக்கும் இடது கண் இதுவே, என் மகளுக்கும் இதுவே. அந்த ஆத்திரத்தில் படித்தவை இவை.

06-10-2024, காலை 6.15

நேற்றிரவு எழுதிய கடைசிப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆறு மணி நேரம் என்பது என் மகளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்து என் தலையில் தங்கிவிட்ட எண். அதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொது விதியாக்கிவிட்டேன். அதே குழு 2003-இல், ஏழு வயதுக்குட்பட்ட 189 குழந்தைகளுக்குப் பாதிப் பேருக்கு இரண்டு மணி நேரமும், மீதிப் பேருக்கு ஆறு மணி நேரமும் பேட்ச் எழுதிக் கொடுத்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் சராசரி முன்னேற்றம் 2.4 வரிதான். இது 6/12 முதல் 6/24 வரை இருந்த நடுத்தரக் குறைக்கு. அதைவிடக் கடுமையான குறை உள்ள 175 பேரிடம் ஆறு மணி நேரத்தையும் முழு நாளையும் ஒப்பிட்டார்கள். அங்கும் வேறுபாடு இல்லை. உங்கள் மகனின் 6/36 இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதால், இரண்டு மணி நேரம் போதும் என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். மருத்துவர் நான்கு என்றால் நான்கு.

06-10-2024, காலை 6.50

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். அந்த 507 பேர் ஆய்வில், முன்னேறியவர்களிலும் பெரும்பாலோருக்குப் பார்வை முழுதாகச் சமப்படவில்லை. 53 சதவீதம் என்பது இரண்டு வரி ஏறியவர்களின் கணக்கு. குணமடைந்தவர்களின் கணக்கு அன்று. நேற்று அதை எழுதாதது என் உற்சாகத்தின் பிழை.

09-10-2024, இரவு

"கண் நேராகத்தானே இருக்கிறது, எப்படிச் சோம்பேறி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் தந்தையும் இதையேதான் கேட்டார். பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் வலது கண்ணை மறைத்துக்கொண்டு நின்றபோது, பலகையின் மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. பலகையை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்தொன்பது ஆண்டுகள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை என்றால் பிறருக்கு எப்படித் தெரியும்?

மாறுகண்ணால் வருவது ஒரு வகை. பார்ப்பவர்களுக்கே தெரிந்துவிடும், ஆகவே பெற்றோர் ஓடிவருவார்கள். என்னுடையதும் உங்கள் மகனுடையதும் இரண்டு கண்களுக்கும் பவர் வெகுவாக வேறுபடுவதால் வருவது. மங்கலான படம் அனுப்பும் கண்ணை மூளை மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. கண்ணில் பழுதில்லை, மூளை அதோடு பேசுவதில்லை. அதனால்தான் பிற்காலத்தில் கண்ணாடி மட்டும் போட்டால் உடனே தெளிவதில்லை. சோம்பேறி என்ற பெயரே அநியாயம், உழைக்க மறுத்தது கண் அன்று.

இன்றைக்கும் நான் மேசை மேல் தம்ளரை வைத்தால் 'டக்' என்று ஒலி எழும். பரப்பு எங்கே தொடங்குகிறது என்பது கடைசி அரை அங்குலத்தில் எனக்குத் தெரிவதில்லை. அடுப்படியிலிருந்தபடியே என் மனைவி அந்த ஒலியை வைத்து, தேநீர் குடித்து முடித்தது நானா மகளா என்று சொல்லிவிடுவார்.

13-10-2024

ஏழு வயது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். 1960-களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து வைத்து, சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அக்கண்ணுக்குப் பதில் சொல்லும் உயிரணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறே மூடியபோது ஒன்றும் ஆகவில்லை. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு. மூளைக்கு ஒரு பருவம் உண்டு, அது கடந்தால் கதவு சாத்திவிடும் என்ற எண்ணம் அங்கிருந்து மருத்துவமனை வரைக்கும் நடந்து வந்தது.

ஆனால் இமை தைத்த கண்ணும், பவர் கூடிய கண்ணும் ஒன்றல்ல. பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை உள்ள குழந்தைக்கு அந்தப் பருவம் மெய்யாகவே கறார்தான். முதல் ஆறு வாரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்பார்கள். உங்கள் மகனின் கண்ணுக்கு ஒளியும் உருவமும் எப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தன, மங்கலாக. ஆகவே கதவு சாத்தவில்லை, ஒருக்களித்திருக்கிறது. சிறு வயதில் விரைவாகவும் அதிகமாகவும் ஏறும் என்பதும் உண்மைதான்; அதை மறுக்க வேண்டாம்.

20-10-2024, இரவு 10.30

கண்ணாடி மட்டும் போட்டுச் சில மாதம் பார்க்கலாமா என்கிறீர்கள். அப்படிச் செய்யச் சொல்லத்தான் இருந்தேன். மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட, பவர் வேறுபாட்டால் குறை வந்த 84 குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்து 2006-இல் வெளியிட்ட முடிவில், 77 சதவீதத்தினர் இரண்டு வரியோ அதற்கு மேலோ ஏறினார்கள். 27 சதவீதத்தினருக்குக் குறையே நீங்கியது, பேட்ச் இல்லாமலேயே. என் மகளுக்கும் முதல் நான்கு மாதம் கண்ணாடி மட்டும்தான். அதனால் காத்திருப்பதே நியாயம் என்று பல ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

இந்த ஆண்டு, 2024-இல், ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த யூபேட்ச் ஆய்வின் முடிவு வந்தது. 334 குழந்தைகள். ஒரு பகுதியினர் மூன்று வாரம் கண்ணாடி போட்டவுடனே பேட்சைத் தொடங்கினார்கள். மறு பகுதியினர் பதினெட்டு வாரம் கண்ணாடியோடு காத்திருந்து பிறகு தொடங்கினார்கள். வெற்றி 67 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 54. அங்கே எழுதிக் கொடுத்தது நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். நம் வீடுகளில் அது நடக்கிற காரியமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் காத்திருக்கச் சொல்லும் என் பழைய அறிவுரையை இனி நான் சொல்லமாட்டேன். உங்கள் மருத்துவர் இரண்டையும் சேர்த்தே தொடங்கச் சொன்னதில் பொருள் இருக்கிறது.

21-10-2024

திருத்தம்: காத்திருந்ததால் என் மகளுக்கு என்ன குறைந்தது என்று நேற்றிரவு படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது போடக்கூடாத கணக்கு. அன்றைக்கு அந்த ஆய்வே இல்லை.

03-11-2024, ஞாயிறு

நோட்டுப் புத்தகக் கதையை எழுதித் தீரவேண்டும்.

மகளுக்கு ஐந்தரை வயதில் பேட்ச் தொடங்கினோம். நாள், தொடங்கிய நேரம், கழற்றிய நேரம் என்று கோடு போட்டு எழுதி வைத்தேன். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் ஆறு மணி நேரம். பரிசோதனைக்குப் போனபோது ஒரு வரிகூட ஏறவில்லை. "சரியாகக் கட்டினீர்களா?" என்று கேட்டபோது நோட்டை எடுத்து நீட்டினேன், மாணவனின் வீட்டுப்பாட நோட்டை மேலதிகாரியிடம் காட்டுவதுபோல.

திரும்பும் பேருந்தில் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஜன்னலோரம் அமர்ந்திருந்த மகள் எதிரே தொலைவில் வந்த லாரியின் பெயர்ப்பலகையை வாசித்தாள். அந்தத் தொலைவில் சோம்பேறிக் கண்ணால் வாசிக்க முடியாத எழுத்து அது. குனிந்து பார்த்தேன். பேட்ச் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் மூக்கின் பக்கம் மட்டும் ஒரு நகக்கண் அகலத்துக்குத் தூக்கியிருந்தது. தலையை இம்மி அளவு வலப்புறம் திருப்பினால் அந்த இடுக்கு வழியாக நல்ல கண் உலகத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்று மாதமாக என் நோட்டு எழுதியது பேட்ச் தோலில் ஒட்டியிருந்த நேரத்தை. கண் மூடியிருந்த நேரத்தை அல்ல. அவளைத் திட்டவில்லை என்று எழுதத்தான் ஆசை. திட்டினேன்.

பிறகுதான் லண்டனில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தேன். மின்னணுக் கருவி பொருத்திய பேட்சைக் கொடுத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் கட்டப்பட்டது என்று கருவியே குறித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த நேரத்தில் பாதிகூடக் கட்டப்படவில்லை. கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்த பெற்றோரின் வீட்டிலேயே அப்படி! இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஏன் சமமாயின என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு அன்றே தோன்றியது: ஆறு எழுதிக் கொடுத்தால் இரண்டரை நடக்கிறது, இரண்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு நடக்கிறது. இது என் ஊகம்தான்.

அதே ஆய்வில் இன்னொரு எண்: பேட்ச் உண்மையில் கட்டப்பட்ட சுமார் 120 மணி நேரத்துக்கு ஒரு வரி ஏறியது.

04-11-2024

அந்த 120-ஐ வைத்துக்கொண்டு, 6/36-லிருந்து 6/9 வரை நான்கு வரி, ஆகவே 480 மணி நேரம் என்று நீங்கள் போட்ட கணக்கு தவறு. வழி காட்டாமல் விட்ட பிழை என்னுடையது. நம் மருத்துவமனைச் சுவரில் இருக்கும் பலகையில் வரிக்கு வரி இடைவெளி சமமில்லை. ஆய்வுகளில் பயன்படுவது ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்து வைத்து, ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகும் பலகை. அந்த அளவுகோலில் 6/36-லிருந்து 6/24-க்கு வருவது ஏறக்குறைய இரண்டு வரி. 6/36-லிருந்து 6/9 வரை ஆறு. எனவே மகன் ஒரே ஒரு வரிதான் ஏறினான் என்று சுவரைப் பார்த்து மனம் சோர வேண்டாம். எட்டரை வயதில் மணிக்கணக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10-11-2024

பேட்ச் கட்டிய நேரத்தில் என்ன செய்ய வைப்பது என்று கேட்டீர்கள். நாங்கள் மகளை உட்காரவைத்து அரிசியில் கல் பொறுக்க வைத்தோம், பட்டாணி உரிக்க வைத்தோம், பாசி கோக்க வைத்தோம். கிட்டத்தில் கண்ணை ஊன்றிச் செய்யும் வேலைதான் நல்லது என்பது அன்றைய நம்பிக்கை. 2008-இல் 425 குழந்தைகளிடம் கிட்டத்து வேலையையும் தொலைவில் பார்க்கும் வேலையையும் ஒப்பிட்டுச் சோதித்து, வேறுபாடு இல்லை என்று வெளியிட்டிருந்தார்கள். நாங்கள் கல் பொறுக்கியது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகு. படிக்காமல் விட்டதற்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே பயன், இரண்டு ஆண்டுகள் கல் கடிபடாத சோறு.

தொலைக்காட்சியும் பார்க்கலாம். பிள்ளை பேட்சைத் தூக்காமல் இருக்க எது உதவுமோ அதுவே வேலை.

22-12-2024, காலை

உறைபனி தொடங்கிவிட்டதால் ஒரு சிறு செய்தி. குளிரில் வறண்ட தோலிலிருந்து பேட்சைக் கழற்றும்போது பிள்ளை அலறும், புருவ மயிரும் சேர்ந்து வரும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுக் கழற்றுங்கள் என்று கீழே இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் மார்கழியில் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். சோறு வடித்த பாத்திரத்தின் மூடி மேல் பாட்டிலைக் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். எண்ணெயை ஓரத்திலிருந்து விரலால் தொட்டு வையுங்கள், மூக்குப் பக்கத்தைக் கடைசியாக. கண்ணாடிமேல் மாட்டும் துணிப் பேட்சும் உண்டு. ஆனால் எட்டிப் பார்க்க அதைவிட வசதியான இடுக்கு வேறில்லை.

23-12-2024

சொட்டு மருந்தைப் பற்றி. பேட்சோடு போராடித் தோற்ற பிறகு மகளுக்கு அட்ரோபின் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல கண்ணில் ஊற்றினால் கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கருந்துளை) விரிந்து கிட்டத்துப் பார்வை மங்கும். சோம்பேறிக் கண் வேலை செய்தே ஆகவேண்டும், இடுக்கு வழியாக எட்டிப் பார்க்க வழியில்லை. 2002-இல் 419 குழந்தைகளிடம் பேட்சையும் அட்ரோபினையும் ஒப்பிட்டபோது ஆறு மாதத்தில் 3.16 வரியும் 2.84 வரியும் ஏறின, ஏறக்குறையச் சமம். பிறகு, தினமும் ஊற்றுவதும் சனி ஞாயிறு மட்டும் ஊற்றுவதும் ஒரே பலன் தருவதையும் கண்டார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தது சனி ஞாயிறு சொட்டுதான். ஓராண்டில் 6/36 கண் 6/12-க்கு வந்தது. இப்போது பதினொரு வயதில் 6/9.

மலை வெயிலில் விரிந்த பாப்பா கூசும், விளிம்பு அகன்ற தொப்பி இல்லாமல் வெளியே விடாதீர்கள். முகம் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவரைக் கேளுங்கள். புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடித்தால் நஞ்சு. நம் சாலையோரங்களில் வெள்ளைக் குழல்போலத் தலைகீழாகத் தொங்கும் பூ உண்டல்லவா, அதுவும் ஊமத்தையின் குடும்பம்தான். அதைக் கசக்கிய கையால் கண்ணைத் தேய்த்தால் இதே விதமாகப் பாப்பா விரியும். இதைச் சொல்லக் காரணம், "இயற்கையாகவே இருக்கிறதே, மருந்து எதற்கு?" என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டார். அளவு தெரியாத நஞ்சை யாரும் பிள்ளையின் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.

29-12-2024

விளையாட்டுச் செயலியைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2016-இல் 385 குழந்தைகளிடம் இரு கண்களையும் சேர்த்து இயக்கும் ஐபேட் விளையாட்டைப் பேட்சோடு ஒப்பிட்டார்கள், விளையாட்டு மேலானதாகத் தெரியவில்லை. விளையாட்டுதானே, பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள் என்று நினைத்தால், சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விளையாடியவர்கள் 22 சதவீதம்தான். கட்டாயமாகிவிட்டால் விளையாட்டும் வீட்டுப்பாடமே. தலையில் மாட்டும் கருவியில் படம் காட்டிச் செய்யும் சிகிச்சை ஒன்றுக்கு 2021-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, அப்போது நான்கு முதல் ஏழு வயது வரையானவர்களுக்கு.

30-12-2024

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும். வகுப்பில் பலகை வைத்துப் பார்க்கும்போது பிள்ளையின் கையாலேயே கண்ணை மறைக்கச் சொல்லாதீர்கள். விரல்களுக்கு நடுவே பார்ப்பார்கள், ஏமாற்ற அல்ல, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு. காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். குறைவாகத் தெரியும் கண்ணை இரண்டாவதாகச் சோதித்தால், முதல் கண்ணில் மனப்பாடம் செய்த வரிசையை அப்படியே ஒப்பிப்பார்கள். ஆகவே எழுத்தைத் திருப்பிக் காட்டும் அட்டை நல்லது. என் வகுப்பில் இப்படிப் பிடித்த மூவரில் ஒருவன், பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் என்று நானே இரண்டு ஆண்டு கேலி செய்த பையன்.

04-01-2025, இரவு

உங்கள் செய்தி பார்த்தேன். டிசம்பர் மாதம் 31 நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் 124 வர வேண்டும், கண் உண்மையில் மூடியிருந்ததை மட்டும் எழுதியதில் 58 வந்தது, மருத்துவரிடம் எந்த எண்ணைச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குப் பக்கத்தைக் குனிந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள். என் நோட்டைவிட அது எவ்வளவோ மேல்.

58 என்றே சொல்லுங்கள். 124 என்று சொல்லி, பார்வையும் ஏறாமல் இருந்தால், பேட்ச் இவனுக்கு வேலை செய்யவில்லை என்று மருத்துவர் முடிவு கட்டுவார். உண்மையில் பேட்ச் இன்னும் தொடங்கவே இல்லை. 58 என்று தெரிந்தால் அவர் நேரத்தைப் பள்ளி விட்டபின் மாற்றலாம், அல்லது சனி ஞாயிறு சொட்டு மருந்துக்குப் போகலாம். பார்வை சரியாகிவிட்டது என்று சொன்னாலும் அன்றே பேட்சை நிறுத்தலாமா என்று மறக்காமல் கேளுங்கள்: ஆறு முதல் எட்டு மணி நேரம் கட்டிக்கொண்டிருந்ததைச் சட்டென நிறுத்திய குழந்தைகளில் 42 சதவீதத்தினருக்கும், இரண்டு மணி நேரமாகக் குறைத்துப் பிறகு நிறுத்தியவர்களில் 14 சதவீதத்தினருக்கும் பார்வை திரும்பக் குறைந்ததாகப் பெடிக் குழுவின் 2004 கட்டுரை சொல்கிறது.

மலை இறங்கும்போது பேட்சைக் கழற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒற்றைக் கண்ணோடு வந்தால் சிரமப்படுவான். அந்த இரண்டு மணி நேரத்தை நோட்டில் எழுத வேண்டாம்.